எலுமிச்சை: நூற்று முப்பத்திரண்டு

ஊரில் என் அத்தைக்கு மீட்டரம்மா என்று பெயர். அப்பாவின் தங்கை. அணு உலை வெடிப்பதற்கு முன்பு ஒரு தையல்கடையில் அளவெடுத்துத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். கடை இருந்த தெரு இப்போது யாரும் நுழையக் கூடாத வேலிக்கு உள்ளே இருக்கிறது. ஆறு வருடங்களாக, சந்தைக்குப் பின்னால் நகராட்சி ஒதுக்கிய அறையில், ஜனங்கள் கொண்டுவரும் காய் கனிகளில் கதிர்வீச்சு எவ்வளவு என்று அளந்து சொல்வதுதான் அவர் வேலை.

வேலை என்றால் பெரும்பாலும் நறுக்குவது. ஒரு கிலோ காயைக் கழுவி, பொடியாக நறுக்கி, டப்பாவில் இடைவெளியில்லாமல் அடைத்து, ஈயச் சுவர் வைத்த பெட்டிக்குள் இறக்கி மூட வேண்டும். அரை மணி நேரம் கழித்து இயந்திரம் ஓர் எண்ணைக் காட்டும். நூற்றுக்குள் இருந்தால் சாப்பிடலாம். தாண்டினால் கூடாது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு டப்பா. சாயங்காலம் அத்தைக்குக் கட்டைவிரல் மடங்காது.

வரிசையில் நிற்பவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள்.

"மீட்டரம்மா, என் மாமியாரை உள்ள வச்சு அளக்க முடியுமா? எவ்வளவு காட்டுதுன்னு பாக்கணும்."

"நறுக்கிக் கொண்டு வாம்மா, அளந்துடலாம்" என்பார் அத்தை, தலை நிமிராமல்.

போன வருடம் அம்மா எங்கள் வீட்டு எலுமிச்சையைக் கொண்டுபோனார். நகராட்சியிலிருந்து வந்து தோட்டத்து மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துப்போய்விட்டார்களே என்ற தைரியத்தில், அக்கா மகனுக்கு நாலு மாதமாக அந்தப் பழத்தைத்தான் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அளந்தது ஒரு பேச்சுக்குத்தான். நூற்று முப்பத்திரண்டு வந்தது.

அப்பா அன்றே மரத்தை வெட்டினார். அக்கா குழந்தையோடு தன் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. கட்டி ஏதும் வருகிறதா என்று குழந்தையின் கழுத்தைத் தினமும் தடவிப் பார்க்கிறாளாம். இந்த அளவுக்கெல்லாம் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. "என் கையாலதானே குடுத்தேன்" என்பதைத் தவிர அம்மா வேறெதுவும் பேசுவதில்லை. தூக்கமும் போயிற்று.

போன மாதம் அத்தை பழைய டப்பாக்களைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தார். தூக்கிப் போடுவதற்கு முன் டப்பாவைக் காலியாக வைத்து அளக்க வேண்டும் என்பது விதி. ஒரு காலி டப்பாவுக்கு இயந்திரம் எண் காட்டியது. மூடியின் ரப்பர் வளையத்தைக் கத்தியால் நெம்பி எடுத்தார். அடியில் காய்ந்துபோன காளான் துணுக்குகள்.

அந்த டப்பாவில் காளான் அளந்த நாளைப் பதிவேட்டில் தேடினார். டப்பாவுக்குள் போடும் பிளாஸ்டிக் உறை வந்து சேராத நாள் அது. கழுவிக் கழுவியே உபயோகித்திருக்கிறார். ஒருவர் காட்டுக் காளான் கொண்டுவந்திருக்கிறார். வரம்பைப்போல முந்நூறு மடங்கு. அதற்கு அடுத்ததாக, அந்த டப்பாவில் கடைசியாக, எங்கள் எலுமிச்சை. மூடியைக் கழுவிய அத்தை வளையத்தைக் கழற்றவில்லை.

எல்லாவற்றிலும் ஒரு பங்கை உறையவைத்திருப்பார்கள். எலுமிச்சையை எடுத்துப் புது டப்பாவில் இரண்டு முறை அளந்தார். இரண்டு முறையும் ஒன்றுமில்லை.

"யாரும் கேக்கல. நீங்களா எதுக்கு வாயக் குடுத்து மாட்டிக்கிறீங்க?" என்றார் விஷயத்தைக் கேட்ட மேற்பார்வையாளர். "அப்புறம் நாம சொல்ற ஒரு நம்பரையும் எவனும் நம்ப மாட்டான்."

"எங்க அண்ணி ஒரு வருஷமாத் தூங்கல சார்" என்றார் அத்தை.

அன்று மாலை பழைய அளவும் புது அளவும் இருந்த இரண்டு தாள்களை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னார். அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மரத்தை வெட்டிட்டேனேடி."

"தெரியும் அண்ணே."

"நீ சொன்னேன்னுதான் வெட்டினேன்."

"தெரியும்."

அம்மாவுக்கு மரம் ஒரு பொருட்டே இல்லை. "அப்ப குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே?"

"பழத்துல ஒண்ணும் இல்ல அண்ணி. என்னால அளந்து சொல்ல முடிஞ்சது அவ்வளவுதான்."

அம்மா உடனே அக்காவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். அக்கா எல்லாவற்றையும் கேட்டாள்.

"அன்னிக்கும் அத்தைதானே அளந்தாங்க? இன்னிக்கு அளந்தது மட்டும் சரின்னு எப்படிம்மா நம்பறது?"

அத்தை தன் கட்டைவிரலை மற்றொரு கையால் மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாராவது கண்டுபிடிச்சாங்களா, இல்ல அவங்களே வந்து சொன்னாங்களா?" என்றாள் அக்கா.

"அவளேதான் வந்து சொல்றா. பக்கத்துலதான் நிக்கறா."

போனில் பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை வர்றோம். ஆனா குழந்தைக்குச் சாப்பாடு, தண்ணி எல்லாம் இங்கேர்ந்தே எடுத்துட்டு வந்துடுவேன். நீ வருத்தப்படக் கூடாது."

அம்மா அத்தையைப் பார்த்தார்.

"எடுத்துட்டு வரட்டும் அண்ணி" என்றார் அத்தை. "நானா இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்."

பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.