அலோனியாவுக்குக் கண் திறந்தது

மாமல்லபுரத்தில் நான் கல் கொத்திக்கொண்டிருந்த எழுபதுகளில், பக்கத்துப் பட்டறைக்கு ஒருநாள் போலீஸ் வந்தது. புதுச் சிலையின் கையை உடைத்து, மண்ணில் புதைத்தெடுத்து, பழங்காலத்துச் சிலை என்று வெளிநாட்டுக்காரருக்கு விற்றுவிட்டார்களாம். செய்த சிற்பியைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்தார்.

கல்பாக்கத்தில் உத்தியோகமாம். கையில் கிரேக்க தெய்வங்களின் படப் புத்தகம். அதைப் பார்த்து அவரே வரைந்த ஒரு பெண்தெய்வம். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் அங்கி, காலடியில் அலை. இடது கை முழங்கையோடு நின்றுவிட்டது.

"எந்த சாமிங்க இது?" என்றேன்.

"எந்த ஊர்லயும் கிடையாது. கிரேக்க சாமி மாதிரி நாங்களா யோசிச்சது. பேரு அலோனியா."

"கையைக் கடைசில உடைச்சுக் குடுக்கணுமா?"

"உடைக்கவே கூடாது. முழங்கையோட வழவழன்னு முடிச்சுடுங்க."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இவரும் பழங்காலத்துச் சிலை என்று விற்கத்தான் கேட்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். அதுவுமில்லாமல், உடைந்து பின்னமான சிலையை நாங்கள் வீட்டுக்குள்ளேயே வைப்பதில்லை. முதலாளி ஏகாம்பரத்தைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

"நாம உடைச்சாத்தானே கேசு? வூட்ல கொண்டும்போயி அந்தாளு இன்னா பண்ணிகினா நமக்கு இன்னா?" என்றார்.

போலீஸ் வந்தால் அவர் தெரியாது என்பார். உளி பிடித்தவன் நான். வீட்டில் இரண்டு பிள்ளைகள். திருவிடந்தைப் பெருமாள் முன்னால் போய் நின்று, 'இது நல்ல வேலைதானா, நீயே காட்டு' என்று வேண்டிக்கொண்டு வந்து ஆரம்பித்தேன். அந்த மனிதர் இடையில் வரும்போதெல்லாம் சிலையின் முகத்தைப் பார்ப்பதில்லை, அந்தக் கையைத்தான் தடவிப் பார்ப்பார். சந்தேகம் இன்னும் கூடியது.

கடைசியில் சின்ன உளியால் கண்மணி கீறுவதைக் கண் திறப்பது என்போம். அதற்கப்புறம் அது வெறும் கல் இல்லை. இதற்கு நான் கீறவில்லை. இல்லாத சாமிக்கு நான் எப்படிக் கண் திறப்பது? புத்தகத்துச் சிலைகளுக்கும் கண் வெறுமையாகத்தான் இருந்தது; கேட்டால் அதைக் காட்டிவிடலாம் என்று இருந்தேன்.

எடுத்துப்போக வந்த அன்று மகளையும் கூட்டிவந்தார். சின்னப் பெண். இடது முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. பிறவியிலேயே அப்படியாம். கை இல்லாத சிலைகளைப் புத்தகத்தில் பார்த்து, அந்த ஊர் சாமியெல்லாம் தன்னைப் போலத்தான் என்று குதித்தாளாம். அதெல்லாம் உடைந்துபோன சிலை என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிவிட, அன்றிலிருந்து புத்தகத்தையே தொடவில்லையாம்.

"அதான், உடையாத ஒண்ணு..." என்றார்.

அவள் தன் முழங்கையைச் சிலையின் முழங்கையோடு வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம், "மாமா, இவ ஒரே கையால அலையைப் பிடிச்சு நிறுத்துவா. ஆனா என்னைப் பாக்கவே மாட்டேங்கறா" என்றாள்.

கொஞ்சம் இருக்கச் சொன்னேன். கிணற்றடியில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு பெருமாளை நினைத்துச் சின்ன உளியை எடுத்தேன்.

அதற்கப்புறமும் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். இந்தத் தொழிலில் சந்தேகப்படத்தான் வேண்டும். ஆனால் படத்தைக் கையில் வாங்கும்போதே, 'இது யாருக்குங்க?' என்று கேட்டுவிடுவேன்.