லிஃப்ட்காரர் படியேறிய கதை

லிஃப்டிலேயே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். லிஃப்ட்காரன் படியேறினால் தொழிலுக்கே அவமானம் என்பது அவர் கட்சி. மூன்றாம் மாடியில் வீடு இருந்தும் படிக்கட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இப்போது சர்க்கரை ஏறிவிட்டது. அடுத்த மாதமும் குறையாவிட்டால் தினமும் ஊசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி என்றாலே அவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, கண்ணை மூடிக்கொண்டு விரலில் குத்திப் பார்த்தால், சர்க்கரை நன்றாகக் குறைந்திருந்தது. அவர் நம்பவில்லை. மிஷின்தான் பழுது என்று பேட்டரியைக் கழற்றி மாட்டினார். மறுபடியும் அதேதான்.

"எப்பவும் சாப்பிடுறதுதானே சாப்பிட்டேன்? மாத்திரையும் அதேதான். எப்படிடி குறைஞ்சுது?"

தையலை நிறுத்தாமலே மனைவி சிரித்தாள். "இன்னிக்கு லிஃப்ட் ரிப்பேர். சாப்பிட்ட கையோட, தைச்ச துணியை வீடு வீடா குடுத்துட்டு வாங்கன்னு அனுப்பினேன். என்னைத் திட்டிக்கிட்டே படியேறி இறங்கினீங்களே, மறந்துபோச்சா?"

"திட்டினதுல குறைஞ்சிருக்கும்."

"அப்போ நாளைக்கு உக்காந்துக்கிட்டே திட்டுங்க. பாத்துருவோம்."

மறுநாள் நாற்காலியில் சாய்ந்தபடி வாயாரத் திட்டினார். சர்க்கரை பழையபடி ஏறி நின்றது. அதற்கடுத்த நாள் வாயே திறக்காமல் படியேறினார். குறைந்தது. அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. லிஃப்ட் சரியான பிறகும், சாப்பிட்டதும் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு படிக்கே போனார்.

மாதக் கடைசியில் டாக்டர் ஊசியைத் தள்ளிவைத்தார். வீடு திரும்பியபோது லிஃப்ட் திறந்து நின்றது. "வாங்க மாமா" என்று உள்ளிருந்து கூப்பிட்டாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"நீ போம்மா. என்னைத் தூக்கித் தூக்கி அது களைச்சுப்போச்சு."