கெண்டையின் சிறுநீரகம்

என் நண்பர் ஆராய்ச்சியில் பொய் சொன்னார் என்று மூன்று பேராசிரியர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு கட்டினார்கள். அவர் பொய் சொல்லவில்லை. தவறு என்னுடையது. அது எனக்குத் தெரிந்திருந்தும் அந்த அறையில் நான் வாய் திறக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நாங்கள் இருவரும் ஒரே ஆசிரியரிடம் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்தோம். நண்பர் வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்கு இரண்டு வருடம் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். பட்டம் வாங்கினால் கல்லூரி வேலை, இல்லாவிட்டால் பழையபடி பள்ளிக்கூடம். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மாப்ள என்பார்.

எலும்பு மீன்களின் சிறுநீரகத்தை ஒப்பிடுவது எங்கள் வேலை. அது முதுகெலும்புக்கு அடியில் கருஞ்சிவப்புப் பட்டையாக ஒட்டிக்கிடக்கும். மீன் கழுவும்போது ரத்தக்கட்டி என்று கத்தியால் சுரண்டி எறிகிறோமே, அதுதான். அதில் தலைப்பகுதி, உடற்பகுதி என்று இரண்டு உண்டு. வளர்ந்த மீனில் தலைப்பகுதி பெரும்பாலும் ரத்த அணுக்களை உண்டாக்கும். சிறுநீர்க் குழல்கள் உடற்பகுதியில் இருக்கும். மீனுக்கு மீன் இது எப்படி மாறுகிறது என்று பார்த்தோம். விராலும் கெளுத்தியும் அவருடையவை. கெண்டையும், ராமேஸ்வரத்திலிருந்து ஐஸில் வரும் கடல்மீன்களும் என்னுடையவை.

அறுப்புக்கு ஊருக்குப் புறப்படும்போது அவர் சொன்னார்: "மாப்ள, பத்து நாள்ல வாரேன். விரால் தலைப்பகுதி ஒண்ணுதான் பாக்கி. நீ வெட்டிப் போட்டு வையி."

வெட்டினேன். அன்றே என் கெண்டையின் உடற்பகுதியையும் வெட்டினேன். சிறு துண்டுகளாக்கி, பிக்ரிக் அமிலம் கலந்த மஞ்சள் திரவத்தில், இரண்டு பாட்டிலில் போட்டேன். பாட்டிலுக்குள் போடும் சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். ஆய்வகத்தில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் அது. என் பேனா எழுத்து அழகாக இருக்கும் என்ற நினைப்பில் நான் மையால் எழுதினேன். மறுநாள் பார்த்தால் இரண்டு சீட்டும் வெறும் மஞ்சள் தாள். உள்ளே கிடந்த துண்டுகளும் ஒரே மஞ்சள். சந்தைக்குப் போய் வேறு மீன் வாங்கியிருந்தால் ஒரு காலைப் பொழுதோடு முடிந்திருக்கும். நான் ஓர் ஊகத்தில் புதுச் சீட்டு எழுதிப் போட்டேன்.

அவர் வந்து, துண்டை மெழுகில் பதித்துச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். விராலின் தலைப்பகுதியில் வரிசை வரிசையாகச் சிறுநீர்க் குழல்கள். அன்றைக்குத் துறையில் எல்லாருக்கும் அவர் செலவில் டீ. ஆசிரியருக்கும் பெருமை பிடிபடவில்லை. கருத்தரங்குக்கு உடனே எழுதி அனுப்பச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து என் 'கெண்டை உடற்பகுதி'யைச் சீவினேன். அதில் ஒரு குழல்கூட இல்லை. பாட்டில் மாறியது அப்போதே விளங்கிவிட்டது. மெழுகுக் கட்டியைக் குப்பையில் போட்டேன். வேறு கெண்டை வாங்கி வெட்டி என் வேலையைச் சரிசெய்துகொண்டேன். அவரிடம் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று கோடை வந்தது. கண்மாய்கள் வற்றி, நல்ல விரால் கிடைக்காமல், அவர் அந்த ஒரு மீனையே நாற்பது படமாக வரைந்து ஓர் அத்தியாயம் முடித்துவிட்டார்.

மழைக்குப் பிறகு வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் பரிசோதிக்க வந்தார். அவருக்குச் சந்தேகம். புது விரால்கள் ஆறு வெட்டச் சொன்னார். ஒன்றின் தலைப்பகுதியிலும் குழல் இல்லை. கூட்டம் போட்டு, படங்கள் கற்பனையா என்று கேட்டார்கள். துண்டுகளைப் பாட்டிலில் போட்டுவைத்தவன் இவன்தான் என்று நண்பர் என்னைக் கைகாட்டியிருக்கலாம். "பாட்டில் என்னோடது சார்" என்று மட்டும் சொன்னார். என் ஆய்வேடு அப்போது தட்டச்சில் இருந்தது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடுப்பு முடியும் முன்பே அவர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டார்.

எனக்குக் கல்லூரி வேலை கிடைத்தது. ஏழெட்டு வருடம் கழித்து, நடந்ததையெல்லாம் எழுதி ஆசிரியருக்கும் அந்த வெளியூர்ப் பேராசிரியருக்கும் அனுப்பினேன். ஆசிரியர், பழையதைக் கிளற வேண்டாம், நண்பருடைய பட்டப் பதிவும் காலாவதியாகிவிட்டது என்று பதில் போட்டார். மற்றவரிடமிருந்து பதில் இல்லை. கடிதத்தின் நகலோடு காளவாசலில் பஸ் ஏறி, வாடிப்பட்டிப் பக்கம் நண்பர் வீட்டுக்குப் போனேன்.

மாப்ள என்று எழுந்து வந்தார். நான் சொல்லி முடித்ததும் உள்ளே போய் அந்தப் படநோட்டை எடுத்துவந்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"அம்புட்டும் கெண்டையா சார்?" என்றார்.

"ஆமாண்ணே."

"படத்துல தப்பு இல்லையே?"

இல்லை என்றேன். கெண்டையின் உடற்பகுதியை அவ்வளவு சுத்தமாக நானே வரைந்ததில்லை. அவற்றை அவர் பெயரில் வெளியிட ஏற்பாடு செய்வதாகச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். பொய் சொல்லி மாட்டித் திரும்பி வந்தவர் என்றுதான் பள்ளிக்கூடத்தில் இன்னும் பேச்சாம். "அந்தக் கடுதாசிய எங்க ஹெட்மாஸ்டருக்கு ஒண்ணு போடுங்க சார். அது போதும்."

போட்டேன். மாதம் ஒன்று கழித்து அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. தலைமையாசிரியர் ஆசிரியர்கள் எல்லாரையும் உட்காரவைத்துக் கடிதத்தை முழுதாகப் படித்தார், என் பெயர் வந்த இடத்தை இரண்டு முறை படித்தார் என்று எழுதியிருந்தார். கார்டு 'ஐயா' என்று தொடங்கியிருந்தது. பிறகு நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை.