மற்ற படகுகள்

வியாழக்கிழமைதோறும் எனக்கு ஒரு வீடியோ கேம் வரும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை ஆடி முடித்து, திங்கட்கிழமை காலையில் அதைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசி வரியில் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். சென்னையில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்ன இணையதளம் அது. பொன்னேரியில் கல்லூரிக் கடைசி வருஷம் படிக்கும்போது ஒரு விமர்சனம் எழுதி அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள். இன்னொன்று கேட்டார்கள். அப்படியே வேலையாகிவிட்டது.

என்னுடையது பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப். பெரிய கேம்களைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஃபேன் கத்தும், அப்புறம் திரை கறுத்துவிடும். அதனால் இணையதளத்தின் ஆசிரியர், “உன் டப்பாவுல ஓடுறதெல்லாம் உனக்கு, மத்ததெல்லாம் எங்களுக்கு” என்று பங்கு பிரித்துவிட்டார். எனக்கு அதில் குறையில்லை. ஒரு வாரம் ரயில்வே ஸ்டேஷன் நடத்தினேன். ஒரு வாரம் செத்தவர்கள் எழுந்து வந்து துரத்தினார்கள். ஒரு வாரம் முழுக்க ஆந்தையாக இருந்து வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அம்மா மீன் விற்றுவிட்டுத் திரும்பி வந்ததும், தலையிலிருந்து கூடையை இறக்குவதற்கு முன்பே கேட்பாள்.

“இன்னாடா, இந்த வாரம் எத்தினி பேர கொன்ன?”

“இந்த வாரம் கொல்றது இல்லம்மா. விவசாயம்.”

“நெல்லா?”

“தக்காளி.”

“அப்பிடியே நாலு பறிச்சிக் குடு, கொயம்புக்கு ஆவும்.”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். அதனால் நான் என்ன வேலை செய்கிறேன் என்று குப்பத்தில் யாராவது கேட்டால் சொல்வதற்கு நைனாவுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. நான் மார்க் போடுகிறேன் என்பதை அவர் பிடித்துக்கொண்டார். “கம்ப்யூட்டர்ல பேப்பர் திருத்துறான்” என்று சொல்லிவைத்தார். நானும் மறுத்துப் பேசவில்லை.

மழைக்காலம் தொடங்கிய சமயம், ஒரு காலை நைனா டீ குடித்துக்கொண்டிருந்தபோது டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் டம்ளரைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கூப்பிட்டதற்கு வாய் கோணிக்கொண்டு ஏதோ சொன்னார். ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்தோம். பேச்சு திரும்பியது, கால் திரும்பியது. வலது கை மட்டும் திரும்பவில்லை. தோள் வரைக்கும் தூக்குவார். விரல்கள், எதையோ பிடித்திருந்து இப்போதுதான் விட்டதுபோல, பாதி மடங்கிய வாக்கிலேயே நிற்கும்.

விரலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லி ஒரு ஸ்பாஞ்சுப் பந்து கொடுத்து அனுப்பினார்கள். நைனா அதை இரண்டு நாள் மடியில் வைத்திருந்தார். மூன்றாம் நாள், “கொயந்தையா நானு?” என்று கேட்டு மூலையில் போட்டுவிட்டார்.

அந்தக் கைக்கு ஒரு கெடு இருந்தது. தை மாதக் கடைசியில் பாடு சீட்டு எடுப்பார்கள். பழவேற்காட்டு ஏரியில் இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம்தான், ஆட்களோ நிறைய. எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்வோம். அப்படிக் கிடைக்கும் முறைக்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணமாகித் தலைக்கட்டாகப் பேர் எழுதப்பட்ட ஆண்கள் மட்டுமே சீட்டு எடுக்கலாம். ஒருவனுக்காக இன்னொருவன் எடுக்கக் கூடாது. இடது கையால் எடுக்கக் கூடாது. கலயத்துக்குள் வலது கையை விட்டு, சுருட்டிப் போட்டிருக்கும் சீட்டு ஒன்றை விரலால் பிடித்து வெளியே கொண்டுவர வேண்டும். அது போதும். அதற்குப் பிறகு நைனாவின் முறை வரும் நாட்களில் சித்தப்பா மகன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் வலை கட்டுவான், பங்கு வீட்டுக்கு வந்துவிடும். சீட்டு வெளியே வராவிட்டால் அந்த வருஷம் எங்களுக்கு ஏரி இல்லை.

எனக்குக் கல்யாணமாகியிருந்தால் நான் எடுத்திருக்கலாம்.

“தை மாசம் பொறக்கறதுக்குள்ள உனுக்கு ஒரு பொண்ணு பாத்துடவா?” என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் என் பதில் வரும்வரை கையில் இருந்த மீனை ஆயாமல் வைத்திருந்தாள்.

நான் லேப்டாப்பை டிவியில் மாட்டி ஆடுவேன். அடுத்த வாரம் வந்தது ஒரு குட்டி மனிதன் குழி குழியாகத் தாண்டிப் போகும் கேம். நைனா கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னாத்த அமுக்குற நீ?” என்று கேட்டார். கேம்பேடை அவர் கைகளுக்குள் வைத்து, வலது கட்டைவிரலை ஒரு பொத்தான் மேல் எடுத்து வைத்தேன். இதை அமுக்கினால் அவன் குதிப்பான் என்றேன். அவன் குதிக்கவில்லை. நடந்துபோய்க் குழியில் விழுந்தான். மறுபடி முதலிலிருந்து நடந்தான், மறுபடி விழுந்தான்.

“இவன் இன்னா கண்ணு தெரியாதவனா? எதிர்ல குயி கீதுன்னு தெர்ல?”

“நீதான் நைனா குதிக்க வைக்கணும்.”

“நான் எங்க கீறேன், அவன் எங்க கீறான்.”

ஆனாலும் கேம்பேடைக் கீழே வைக்கவில்லை. நாலாம் நாள் அவன் ஒரு குழியைத் தாண்டினான். நைனா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து என்ன என்று கேட்டாள். “தாண்டிட்டான்” என்றேன். யார் என்று அவள் கேட்கவில்லை.

அதிலிருந்து நான் கேம் கேட்கிற விதமே மாறியது. “வலது கட்டைவிரல் மட்டும் போதும்ங்கிற மாதிரி எதுனா இருக்கா சார்?” என்று ஆசிரியரிடம் கேட்டேன். “என்னடா, மத்த விரலையெல்லாம் அடகு வச்சிட்டியா?” என்று சிரித்தார். காரணம் சொல்லவில்லை. அவர் அனுப்பியதையெல்லாம் முதலில் நைனாவிடம் கொடுத்தேன். எந்த விரல் எத்தனை தடவை அசைகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் கதை எப்படி, இசை எப்படி என்று யோசித்தேன். அந்த மாதம் எழுதியவற்றை இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. கட்டைவிரலுக்கு ஏற்றதற்கெல்லாம் எட்டு போட்டிருக்கிறேன்.

கட்டைவிரல் வந்துவிட்டது. ஆனால் கட்டைவிரலை மட்டும் வைத்துக்கொண்டு எந்தச் சீட்டையும் எடுக்க முடியாது. ஆள்காட்டி விரலும் வந்தாக வேண்டும்.

சீட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த மீன்பிடி கேம் வந்தது. “உனக்குன்னே செஞ்சிருக்காங்கடா” என்றார் ஆசிரியர். எங்கோ பனி மூடிய மலைகளுக்கு நடுவில் ஒரு ஏரி, ஒரு படகு, ஒரு வலை. இடது கட்டைவிரலால் படகை ஓட்ட வேண்டும். வலை வீச, வலது ஆள்காட்டி விரலுக்கு அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தி விட வேண்டும்.

நைனாவின் இடது கையில் ஒரு குறையும் இல்லை. அந்தப் படகை அவர் ஓட்டியதைப் போல நான் எந்தக் கேமிலும் ஓட்டியதில்லை. பாறைகளைச் சுற்றினார், நாணல் ஓரமாகப் போனார், தண்ணீரின் நிறம் மாறும் இடத்தில் வேகத்தைக் குறைத்தார். மீன் கூட்டம் நிழலாகத் தெரிந்தது. பக்கத்தில் கம்ப்யூட்டர் ஓட்டும் இன்னொரு படகு நின்றிருந்தது. நைனா தள்ளி நிறுத்தினார்.

“வீசு நைனா.”

“இது யாரு பாடு?”

“இதுல பாடெல்லாம் கெடையாது. எங்க வேணா வீசலாம்.”

“எங்க வேணா வீசலாம்னா ஒருத்தன ஒருத்தன் வெட்டிக்கினு சாவானுங்களேடா. மொதல்ல வந்தவன் நிக்கிறான் பாரு. அவன் எடுக்கட்டும்.”

அந்தப் படகு வலையை எடுத்தது, அங்கேயே திரும்ப வீசியது. எடுத்தது, வீசியது. கொடுத்த நேரம் முடிந்து, ஒரு மீனும் பிடிக்கவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. “மானங்கெட்டவன். ஒரே எடத்துல எத்தினி தபா போடுவான்?” என்றார் நைனா. வெள்ளி, சனி இரண்டு நாளும் இதே கதை. ஏரி முழுக்கச் சுற்றுவார், எங்கே போனாலும் ஏதாவது ஒரு படகு பக்கத்தில் இருக்கும். “அவன் எடுக்கட்டும்” என்பார். அம்மா சாப்பாட்டுத் தட்டோடு வந்து எட்டிப் பார்த்து, “பழவேற்காட்டு நாயம் அவனுக்குத் தெரியுமா? நீ வீசேன்யா” என்றாள். எல்லாரும் சிரித்தோம். நைனாவும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் தூங்கியபோது, விமர்சனத்துக்காக அந்தக் கேமின் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மற்ற படகுகள் வேண்டுமா, வேண்டாமா என்று ஓர் இடத்தில் கேட்டிருந்தது. வேண்டாம் என்று மாற்றினேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

எழுந்து வந்து ஓட்ட ஆரம்பித்தவர், சுற்றிப் பார்த்தார்.

“எங்கடா எல்லாம்?”

“இன்னிக்கி அவங்களுக்கு லீவு நைனா. ஏரி மொத்தமும் உன்து.”

நிழல் தெரிந்த இடத்தில் படகை நிறுத்தினார். மீன்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. ஒரு படகும் இல்லை. நான் ‘வீசு’ என்று சொல்லவில்லை. அவர் ஆள்காட்டி விரல் பொத்தான் மேல் இருந்தது. நகத்தின் ஓரம் வெளுக்கிறதா என்று பார்த்தேன், வெளுக்கவில்லை. கையில் ஒன்றும் நடக்கவில்லை. தோள் மட்டும் லேசாக ஆடியது, கழுத்து நரம்பு புடைத்தது. மீன்கள் கலைந்து போகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“காத்து சரியில்ல” என்றார் கடைசியில்.

அந்தக் கேமில் காற்றே கிடையாது.

இரண்டு நாளாக அவர் வீசாமல் இருந்தது எதனால் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு படகாவது பக்கத்தில் இருந்தவரைக்கும் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. அதைத்தான் நான் எடுத்துவிட்டேன். டிவியை அணைத்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை எழுதி அனுப்பினேன். தண்ணீரின் நிறம் நன்றாக இருக்கிறது, அலை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அடிப்பது நம்பும்படி இல்லை, பத்துக்கு ஏழு. ஆசிரியர் போன் செய்தார். “மத்த படகுங்கள எடுத்துட்டு ஆடலாமாமே, புதுசா ஆடுறவங்களுக்கு நல்ல வசதியாச்சே. அத ஏன்டா எழுதல?”

“கவனிக்கல சார்.”

இந்த விமர்சன வேலையில் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

புதன்கிழமை காலை, கோயிலுக்கு முன்னால் கூடினார்கள். நைனா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நடந்தே வந்தார். தலைக்கட்டுகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். கல்யாணமாகாதவர்கள் வட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டும். அவருடைய துண்டைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே நின்றேன்.

பேர் படித்தார்கள். நைனா எழுந்து போனார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, கையைக் கலயத்தின் வாய்க்குள் விட்டார்.

“அந்தக் கை வாணாம்ணே” என்றார் கலயத்தைப் பிடித்திருந்த நாட்டார். எங்கள் குப்பத்துக்குத் தலைவர் அவர். மெதுவாகத்தான் சொன்னார். “அவசரமில்ல. நீ பொறுமையா எடு.”

நைனா இடது கையை விலக்கிக்கொண்டார். வலது கை முழங்கை வரை உள்ளே இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அவர் தோளைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆடியதைப் போலவே அது ஆடியது. என் கையில் இருந்த துண்டை நான் முறுக்கிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். என் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் ஒரு பழுதும் இல்லை. வட்டத்துக்கு வெளியே அவற்றால் ஒரு பயனும் இல்லை.

“கலயத்தக் கொஞ்சம் சாச்சிக் குடுத்தா இன்னா?” என்று உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

நாட்டார் கலயத்தை நேராகவே பிடித்திருந்தார். இவருக்குச் சாய்த்தால் நாளைக்கு எல்லாருக்கும் சாய்க்க வேண்டும் என்பது கேட்டவருக்கும் தெரியும். நாட்டார் இடத்தில் நைனா இருந்திருந்தால் யாருக்காவது சாய்க்கச் சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்க மாட்டார்.

கை வெளியே வந்தது. எப்போதும் போலப் பாதி மடங்கியிருந்தது. விரலிடுக்கில் ஒன்றும் இல்லை.

“அடுத்த பேர படிங்க” என்றார் நைனா. குரல் நன்றாகவே இருந்தது. திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து, கடைசிச் சீட்டு எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. யாருக்கு எந்த இடம் விழுந்தது என்று ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்மாவுக்கு முன்பே செய்தி வந்திருந்தது. சோறு போட்டாள். நைனா இடது கையால் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டு முடித்து, கட்டிலில் உட்கார்ந்தார்.

“அந்த ஏரியப் போடு.”

“வேற ஒண்ணு வச்சிக்கிறேன் நைனா. நாளைக்கிப் புதுசு வந்துடும்.”

“அத்தயே போடு.”

போட்டேன். பனிமலை, தண்ணீர், ஒரே ஒரு படகு. கேம்பேடை அவர் கைகளுக்குள் வைத்தேன். ஏரியை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“அவனுங்களுக்கு லீவு முடிஞ்சிதா?”

“முடிஞ்சிது நைனா.”

நான் அமைப்புகளுக்குள் போய் அதை மாற்றினேன். பாறைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக மூன்று படகுகள் வந்தன. ஒன்று மீன் நிழலுக்கு நேராகப் போய் நின்று வலை வீசியது. நைனா தன் படகை நாணல் ஓரமாக ஓட்டிக்கொண்டு போய், அதற்குத் தொந்தரவு இல்லாத தூரத்தில் நிறுத்தினார். ஆள்காட்டி விரல் பொத்தான் மேல் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் திரையைப் பார்த்தேன்.

“அவன் எடுக்கட்டும்” என்றார்.