பூட்டிய ஐந்து வீடுகள்

பத்தொன்பது வருடங்களாக ஆய்வுப் படிவங்களோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர் அவர். அலுவலகத்தில் ‘ஏழாம் வீட்டக்கா’ என்பார்கள். ஏழு வீட்டுக்கு ஒரு வீடு என்று முடிவாகிவிட்டால், எட்டாம் வீட்டில் நாற்காலி போட்டுக் கூப்பிட்டாலும் உட்கார மாட்டார். “கூப்பிட்டுப் பேசுறவங்ககிட்ட மட்டும் கேட்டா அது ஊர்க்கணக்கு இல்ல, வாயாடிங்க கணக்கு” என்பார்.

அந்த முறை மூச்சுக்கோளாறு பற்றிய ஆய்வு. பெயின்ட் ஆலையின் பின்மதிலை ஒட்டிய நீளத் தெருவில் பதினான்கு வீடுகள் அவர் பங்குக்கு வந்தன. ஒன்பது வீடுகளில் கதவு திறந்தது. ஆய்வு எதற்கு என்று விளக்கி, விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டாம், பெயர் வெளியே போகாது என்று உறுதி சொல்லி, கையெழுத்து வாங்கிய பிறகே கேட்டார். ஒன்பது வீட்டிலும் யாருக்கும் தொந்தரவில்லை. மீதி ஐந்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. மாலையில் போனார், ஞாயிற்றுக்கிழமை போனார். அதே பூட்டு.

மேற்பார்வையாளர் அவருடைய சித்தப்பா மகன். “பக்கத்து வீட்ட எழுதிட்டு வாக்கா. அஞ்சு வீட்டுக்காக எத்தன நாள் இழுத்தடிக்கிறது?”

“ஏன் பூட்டிக் கெடக்குன்னு தெரிய வேணாமா தம்பி?”

நான்காவது முறை போனபோது எதிர்வீட்டுப் பெண் கதவை ஒருக்களித்துத் திறந்தாள். “அவங்க ஆஸ்பத்திரில இருக்காங்க. மூச்சு விட முடியல.” அடுத்த பூட்டுக்கும் அதே பதில். மூன்றாவது வீட்டைப் பற்றிக் கேட்டதும் குரலைத் தணித்தாள். “அவரு போய்ச் சேந்து மூணு மாசமாச்சு. பொண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போயிட்டா.” கதவு சாத்திக்கொண்டது.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது: கதவைத் திறக்கத் தெம்புள்ளவர்களிடம் மட்டுமே இத்தனை நாளும் கேட்டிருக்கிறார். ஐந்து படிவத்திலும் ‘பூட்டு’ என்றே எழுதி, மூன்றின் ஓரத்தில் மட்டும் எதிர்வீட்டுப் பெண் சொன்னதை ‘அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டது’ என்று குறித்துக்கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்துக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். படிவக் கட்டுக்குள் அவர் எழுதிய அந்த ஐந்தும் இல்லை. அவற்றின் இடத்தில் வேறு யாரோ நிரப்பிய புதிய ஐந்து. எல்லாவற்றிலும் ‘தொந்தரவு இல்லை’.

“தம்பி, இவரு செத்து மூணு மாசமாச்சு. நல்லா இருக்கேன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு.”

அவன் தலை நிமிரவில்லை. “ஆலையிலேருந்து ரெண்டு பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க. உன் வீடு எங்கன்னும் விசாரிச்சாங்க. புள்ளகுட்டிக்காரி நீ. பேசாம போட்டுட்டுப் போக்கா.”

அவர் போடவில்லை. கட்டை எடுத்துக்கொண்டு, ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவின் அறைக்கு நேராகப் போனார். நடந்ததைக் கேட்ட டாக்டரம்மா ஒவ்வொரு படிவமாகப் புரட்டிப் படித்தார். பிறகு, “முதல்லேருந்து எடுப்போம்” என்றார்.

தம்பிக்கு வேலை போயிற்று. சித்தப்பா வீட்டில் இன்றுவரை யாரும் அக்காவின் முகம் பார்ப்பதில்லை. வீடுகளைப் புதிதாகக் குலுக்கி எடுத்தார்கள். அந்தத் தெருவுக்குப் போக வேறு யாரும் முன்வராததால் அவரே போனார். இந்த முறை பதினான்கில் எட்டு வீடுகள் பூட்டியிருந்தன.