சத்தமில்லாத வாய்ப்பாடு

இளம்பிள்ளைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் அறிவுச்செல்வி யாரோடும் பேசுவதில்லை. தெரிந்தவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்வாள். இருக்கிற குரலை மிச்சம் பிடிக்க வேண்டும். தொண்டைக்குள் சிறிய கட்டி இருப்பதாகச் சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். பயப்பட ஒன்றுமில்லை, மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்தால் தானாகவே கரைந்துவிடும் என்றார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அதற்குப் பிறகுதான் கேட்டார். டீச்சர் என்றதும் சிரித்துவிட்டார்.

அவள் பிறந்தது சேந்தமங்கலத்தில், தறிச் சத்தம் கேட்காத தெருவில். இளம்பிள்ளைப் பள்ளிக்கு வந்த முதல் வாரம் முழுக்கத் தலைவலி. மூன்று பக்கமும் விசைத்தறிப் பட்டறைகள். பகலெல்லாம் தடதடவென்று ஓடும் சத்தத்துக்கு மேலே குரல் எழுப்பினால்தான் பாடம். கத்தப் பழகினாள். பழகியது வீடு வரைக்கும் வந்தது. "மெதுவா சொல்லு. நம்மூட்ல ஒண்ணும் தறி ஓடல" என்பான் கணவன் மணியன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு பாட்டாகத் தெரியும். ஏழு எட்டு எவ்வளவு என்று கேட்டால் ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று அடிப்படியிலிருந்து ஏறி வருவார்கள். பாதியில் யாராவது இருமினால் மறுபடியும் ஓரேழு. கேட்டதும் விடை நேராக நாக்குக்கு வர வேண்டும் என்று அவள் ஒரு விளையாட்டு வைத்தாள். எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். பட்டறையில் நூல் தீர்ந்து கழித்துப்போட்ட தார்க்குச்சி ஒன்று கைமாறிக்கொண்டே இருக்கும். அவள் இரண்டு எண்களைச் சொல்வாள். குச்சி யார் கையில் இருக்கிறதோ அவர் உடனே பெருக்கிச் சொல்ல வேண்டும். தடுமாறினால் மற்றவர்கள் "அறுந்துச்சு!" என்று கத்துவார்கள். அறுந்தவர் வெளியே. இப்போதுதான் கொஞ்ச நாளாகப் பாதிப் பேர் ஓரேழைத் தேடிப் போகாமல் இருக்கிறார்கள்.

அதற்குள் தொண்டை போயிற்று.

"மெடிக்கல் லீவு போடுங்க டீச்சர். உங்க பசங்கள என் அஞ்சாப்போட ஒக்கார வெச்சுக்கறனுங்க" என்றார் தலைமையாசிரியர் குணசீலன். நல்ல மனிதர். ஆனால் அவர் வாய்ப்பாட்டை எழுதச் சொல்லிவிட்டு ஆபீஸ் வேலையைப் பார்ப்பார். அவருக்கும் வேறு வழியில்லை. மூன்று மாதம் கழித்து வந்தால் எல்லாரும் ஓரேழில் நிற்பார்கள். அது அறிவுச்செல்விக்குத் தெரியும். தெரிந்தும் லீவு வேண்டியிருந்தது. மத்தியானத்தில் சாத்திய அறைக்குள், யாரும் எதுவும் கேட்காமல், தூங்க வேண்டும். ராத்திரியெல்லாம் அதைத்தான் நினைத்தாள். இன்று முதல் பாடம் முடிந்ததும் அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினாள்.

வகுப்பில் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

பிள்ளைகள் அதற்குள் வட்டம் போட்டுவிட்டார்கள். நிலவன் கையில் தார்க்குச்சி. "கேளுங்க டீச்சர்!"

எழுதச் சொல்லலாம். அதைச் சொல்லவும் குரல் வேண்டும். அலுப்போடு ஆறு விரலைக் காட்டினாள். பிறகு நாலு.

"இருவத்திநாலு!"

குச்சி நகர்ந்தது. ஐந்து, மூன்று. "பதினஞ்சு!" ஏழு விரல் காட்டினாள். அடுத்து பத்து. இரண்டு கையையும் விரிக்கச் சோம்பலாக இருந்தது. பத்துக்கு அடையாளமாக ஒரு கையை மூடி முஷ்டியாக உயர்த்தினாள்.

வகுப்பு அப்படியே உறைந்தது. குச்சி நீட்டிய கை நீட்டியபடி நின்றது. ஒருவரும் அசையவில்லை.

பத்தாம் வாய்ப்பாடா தெரியாது? அவளுக்கு எரிச்சல் வந்தது. முஷ்டியை இன்னும் உயர்த்தினாள். அதற்குள் அசையத் தொடங்கிய ஒன்றிரண்டு பிள்ளைகளும் நின்றுபோனார்கள். மேஜையைத் தட்டினாள்.

சௌந்தர்யா எழுந்தாள். மற்றவர்கள் போடும் கூச்சலில் பயந்து முதல் சுற்றிலேயே அறுந்துபோகிறவள்.

"நீங்கதானுங்க டீச்சர் நிறுத்தச் சொன்னீங்க."

நானா என்று கையால் கேட்டாள்.

"கைய மூடுனா தறிய நிறுத்தோணுங்க. நூலு அறுந்துருச்சுன்னு அர்த்தங்க. எங்கம்மா அந்தக் கோடீல இருந்தாலும் எங்கப்பா கைய மூடுனா ஒடனே நிறுத்தீரும்."

"பத்துன்னா காதத் தொடோணும்" என்றான் நிலவன். "இதுகூடத் தெரியாதுங்களா டீச்சர்?"

"போடா. டீச்சரு ஊட்ல தறி இல்லீல்ல" என்றாள் சௌந்தர்யா.

தறிச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அதனால் இந்த ஊர்ப் பட்டறைகளில் எல்லாமே கைதான். ஒரு கை காதில், மறு கையில் நாலு விரல் காட்டினால் நாற்பது. அதோடு காதை விட்டுவிட்டு இன்னும் இரண்டு விரல் காட்டினால் நாற்பத்திரண்டு. ஐம்பதுக்கு மேல் என்றால் காதைத் தொட்டபடியே ஐந்து விரல், பிறகு மிச்சம். இத்தனை வருஷம் சன்னல் வழியாகப் பார்த்தும் அவளுக்கு இது கண்ணில் படவில்லை. அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

ஏழு விரல் காட்டிவிட்டுக் காதைத் தொட்டாள். விடையும் கையாலேயே வந்தது. அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. தடுமாறியவரைப் பார்த்து எல்லாரும் முஷ்டியைத் தூக்கினார்கள். குச்சி ஓடியது. யாரும் கத்தாததால் சௌந்தர்யா கடைசிச் சுற்று வரைக்கும் இருந்தாள்.

வாசலில் குணசீலன் வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சர், சத்தத்தையே காணோம். கெளம்பீட்டீங்களோன்னு பாத்தேன்." சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்தது. "அட! இதுக்குத் தொண்டையே வேண்டியதில்லீங்களே. டாக்டரு சொன்னாப்லயும் ஆச்சு, வகுப்பும் ஆச்சு. அப்ப லீவு வேண்டாமுங்க, இல்லீங்களா?" சொல்லிக்கொண்டே ஆபீஸ் பக்கம் திரும்பி நடந்தார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் கடுத்தது. சாயங்காலம் பஸ்ஸில் கையும் வலிக்கும். சாத்திய அறை, மத்தியானத் தூக்கம் எல்லாம் அவர் போகும் திசையிலேயே போயின. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளைகளையும் முடியாது.

எல்லாக் கண்களும் அவள் கையில் இருந்தன.

முஷ்டியை உயர்த்தினாள். வகுப்பு நின்றது. வெளியே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்படியே பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கை தளர்ந்தபோது கண்ணைத் திறந்தாள். ஏழு விரல் காட்டினாள். பிறகு எட்டு.