செல்லச்சாமியின் சீமை லைட்டர்

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்த செல்லச்சாமிக்கு, அறுபத்திரண்டாம் வருஷம் கொழும்பிலிருந்து வந்த மச்சான் ஒரு பெட்ரோல் லைட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றோடு அவருக்குத் தீப்பெட்டி என்றாலே இளப்பமாகிவிட்டது. குச்சி உரசுகிறவனெல்லாம் பட்டிக்காட்டான் என்றார். மனைவி வள்ளித்தாய் நாள் முழுக்கத் தீப்பெட்டி ஒட்டிய கூலியில்தான் அந்த லைட்டர் பெட்ரோல் குடித்தது என்பது வேறு கதை.

கம்பெனிக்குள் நெருப்பு நுழையக் கூடாது. காலையில் எல்லாரும் மடியை அவிழ்த்து, தீப்பெட்டியை வாட்ச்மேன் இருளப்பனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செல்லச்சாமி மட்டும் தம் லைட்டரைப் புது மாப்பிள்ளையைப் போலத் துண்டு விரித்துத் தனியாக உட்கார வைப்பார்.

"பத்திரம்லே, சீமைச் சாமான்! ஒரு பொறி பறந்தாப் போதும், கம்பெனியே போயிரும்."

சாயங்காலம் வெளியே வந்ததும் பீடியை வாயில் வைத்துக்கொண்டு லைட்டரைத் தட்டுவார். அது அவர் கட்டைவிரலைத் தேய்த்ததே தவிர, பீடியைப் பற்ற வைத்ததில்லை. ஒருநாள் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க, முப்பதாவது தட்டில் பொறுக்கமாட்டாமல் இருளப்பன் ஒரு தீக்குச்சியை உரசி நீட்டினான்.

"மாமா, நாளையிலயிருந்து இத நீங்க உள்ளயே கொண்டு போங்க. இதுனால கம்பெனிக்கு ஒரு ஆபத்தும் வராது."